பீச்சாங்கால்

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். முன்னறையில் நைனா இருப்பார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பின்னறையில் அடுப்பு, அங்கே அம்மா இருப்பாள். இரண்டுக்கும் நடுவில் கதவில்லாத ஒரு நிலைவாசல். அந்த நிலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நான் நிற்பேன். சும்மா நிற்கவில்லை, அதுதான் எனக்கு உத்தியோகம். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தபோது அம்மா நைனாவோடு பேச்சை நிறுத்திப் பல வாரங்கள் ஆகியிருந்தன. நைனாவுக்கோ அம்மாவோடு நேருக்கு நேர் பேச வாய் வரவில்லை. நடுவில் ஒரு ஆள் வேண்டாமா? மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான்தான் அந்த ஆள்.

"உங்க நைனாவ துன்னச் சொல்லு. சோறு ஆறிகினு கீது" என்று அம்மா சட்டியைப் பார்த்துச் சொல்வாள். இருவருக்கும் நடுவே நாலடி தூரம்கூட இராது. நைனாவின் காதில் அது விழாமலா இருக்கும்? விழும். ஆனாலும் எழுந்திருக்க மாட்டார். நான் போய் அவர் முன்னால் நின்று, "நைனா, அம்மா உங்கள சாப்புடக் கூப்புடறாங்க" என்று சொன்ன பிறகுதான் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுவார்.

கவனித்திருப்பீர்கள், நான் செய்தியை வாங்கினபடியே கொடுக்கிறவள் இல்லை. போகிற வழியில் கொஞ்சம் சர்க்கரை தூவிவிடுவேன். அம்மா 'சொல்லு' என்றால் நான் 'அம்மா கேக்குறாங்க' என்பேன். நைனா வெறும் 'உம்' கொட்டினால் நான் அம்மாவிடம் போய் 'கொழம்பு சூப்பரா கீதாம்' என்பேன். கேட்கிறவர்கள் இரண்டு பேருக்கும் உண்மை தெரியும். அது தெரியாமல், வீட்டையே நான்தான் தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தலை நிமிர்ந்து நடந்தவள் நான் ஒருத்திதான். 

பேச்சு நின்றது கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்னால். அதைச் சொல்வதற்கு முன் நைனாவின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நைனாவுக்குத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற வேலை. ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதே வேலைதான். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். ஆனால் நைனாவைக் கரி இறக்குகிறவராக யாருக்கும் தெரியாது. பந்து ஆடுகிறவராகத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் அவர் இடது கால் பேசும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் வலது காலைச் சோத்தாங்கால் என்றும் இடது காலைப் பீச்சாங்கால் என்றும் சொல்வது வழக்கம். இடது கையும் இடது காலும் மட்டமானவை. ஒருவருக்கு நேரே நீட்டக் கூடாதவை. ஆனால் நைனாவின் பீச்சாங்காலுக்கு மட்டும் அந்தத் தெருவே மாலை போடும். 'பீச்சாங்கால்காரர் பொண்ணு' என்றுதான் கடையில் என்னைக் கூப்பிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனாவின் அணி ஜெயித்துவிட்டது. மதுவிலக்கை எடுத்துச் சாராயக் கடைகள் திறந்திருந்த புதுசு. ஜெயித்தவர்களுக்கு வாங்கிக் கொடுக்க ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நைனா வீட்டுக்கு வந்தார். நிற்க முடிந்தது, அவ்வளவுதான். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"சோத்தப் போடு."

"இன்னும் வடிக்கல. செத்த குந்து, வடிச்சிப் போடறேன்."

"ஜெயிச்சிட்டு வர்றவனுக்கு வூட்ல சோறு இல்லியா?"

நான் நிலைவாசலில் நின்றுகொண்டிருந்தேன். நைனாவின் முதுகு எனக்கு மறைத்தது. பீச்சாங்கால் பின்னால் போய், மைதானத்தில் பார்த்தேனே, அதே மாதிரி முன்னால் போனது. பானை உருண்டது. கஞ்சியும் சோறும் தரையெல்லாம் ஓடி, ஒரே ஆவி. அம்மா சுவரோரமாகச் சுருண்டு படுத்திருந்தாள். கத்தவே இல்லை. பக்கத்து வீட்டுப் பாயம்மாதான் ஓடிவந்து, "யா அல்லா, ரிக்‌ஷா கூப்புடுங்கடா" என்று தெருவைக் கூட்டினாள். கொதிகஞ்சி பட்டு அம்மாவுக்குச் சுட்டுவிட்டது, அதனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். யாரும் அதைத் திருத்தவில்லை.

சில நாள் கழித்து அம்மா திரும்பி வந்தாள். உடம்பில் எங்கேயும் சுட்ட தழும்பு இல்லை. ஆனால் நைனாவோடு பேச்சு இல்லை. ஈஸ்டருக்கு ஒரு தம்பிப் பாப்பா வருவான் என்று அதற்கு முன்னால் அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். இப்போது அதைப் பற்றியும் பேச்சு இல்லை. நான் பாயம்மாவிடம் போய்க் கேட்டேன். "ஆண்டவன் வாங்கிகினான் கண்ணு" என்று சொல்லி என் தலையைத் தடவினாள். வாங்கிக்கொண்டவர் நேரம் வந்தால் திருப்பிக் கொடுப்பார் என்று நான் இருந்துவிட்டேன். ஒரு பானைச் சோற்றைக் கொட்டியதற்கு இத்தனை நாள் கோபமா என்று அம்மாவின் மேல்தான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்புறம் தபசு காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்த நைனா, அன்றிலிருந்து வேறு ஆளாகிவிட்டார். சாராயத்தைக் கிறிஸ்மஸுக்கு முன்பே விட்டிருந்தார். இப்போது பீடியையும் விட்டார். ஒருவேளைச் சாப்பாடு. கறி, மீன் எதுவும் கிடையாது. முகச் சவரம் கிடையாது. பாய் இல்லாமல் வெறுந்தரையில் படுக்கை. வெள்ளிக்கிழமைகளில் இயேசு சிலுவை சுமந்ததை நினைத்து எங்கள் தெருக்களில் சிலுவைப்பாதை போகும். ஆள் உயர மரச்சிலுவை. நின்று ஜெபிக்கிற ஒவ்வொரு ஸ்தலத்திலும் தோள் மாற்றிக்கொள்வார்கள். நைனா மாற்றவே மாட்டார். அடுத்தவர் வந்து தோளைக் கொடுத்தாலும் தலையை ஆட்டிவிட்டு அவரே தூக்கிக்கொண்டு போவார். தோள்பட்டையில் தோல் உரிந்து, சட்டை அதில் ஒட்டிக்கொள்ளும்.

தெரு முழுக்க இதே பேச்சு. ஆட்டக்காரன் எப்படி மாறிவிட்டான் பார் என்று வியந்தார்கள். குழாயடியில் பெண்கள் அம்மாவிடம், "நீ குடுத்து வெச்சவ. உன் வூட்டுக்காரரு சாமியாராவே பூடுவாரு போல" என்றார்கள். அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அம்மா, நைனா பீடியக்கூட வுட்டுட்டாரும்மா."

"பீடி எனுக்கு இன்னா பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

அதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? யோசித்துப் பார்த்துவிட்டு, முன்னறைக்குப் போய், "நீங்க பீடிய வுட்டது அம்மாவுக்கு ரொம்ப சந்தோசமாம் நைனா" என்றேன். நைனா என்னை வெகுநேரம் பார்த்தார். "அப்டியா சொன்னா?" என்று கேட்டார். ஆமாம் என்று அடித்துச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு ஒருவேளைச் சாப்பாட்டையும் சாப்பிடவில்லை.

பெரிய வியாழனுக்கு முந்திய வாரம் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். விசேஷங்களுக்கு ஆள் பிடிப்பதும் அவர் பொறுப்புதான். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்தது போல, பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களை அப்போஸ்தலர்களாக உட்காரவைத்து அவர்கள் காலைக் கழுவுவார். அதற்கு ஆள் சேர்ப்பது லேசான காரியமில்லை. முதல் நாற்காலி இராயப்பருக்கு, அதாவது பேதுருவுக்கு. அதற்கு வருஷா வருஷம் அடிதடி. எங்கள் பேட்டைக்கே அவர் பெயர்தானே. கடைசி நாற்காலி இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுடையது என்று யாரோ எந்தக் காலத்திலோ கிளப்பிவிட்டிருந்தார்கள். சாமியார்கள் எத்தனையோ தடவை அப்படியெல்லாம் இல்லை என்று பிரசங்கத்தில் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. அதில் உட்கார்ந்தவனை அடுத்த வருஷம் வரை தெருப் பிள்ளைகள் விட மாட்டார்கள்.

"நீ வரணும்பா" என்றார் உபதேசியார்.

"என்ன வுட்டுடுங்க சார். அதுக்கு நான் லாயக்கு இல்ல."

"லாயக்கு இல்லன்னு சொல்றான் பாரு, அவன்தான்யா லாயக்கு" என்று உபதேசியார் சிரித்தார். "கடைசி நாற்காலியில குந்து. வேற எவன குந்தவெச்சாலும் பேஜாரு. உன்ன ஒருத்தனும் யூதாஸ்னு சொல்ல மாட்டான்."

நைனாவின் முகம் செத்துப்போனது. ஆனால் அதற்கு மேல் மறுக்கவில்லை. "சரி சார்" என்றார். பின்னறையில் அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்று, மறுபடி கேட்டது.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடைசி நாற்காலியானால் என்ன? பன்னிரண்டு பேரில் ஒருவர் என் நைனா. உடனே எனக்கு வேறு கவலை வந்தது. கால்!

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. சாமியார் கழுவப்போகிற காலை, அவர் கழுவுவதற்கு முன்பே நாம் கழுவிவிட வேண்டும். அதுவும் சும்மா இல்லை, தேய் தேய் என்று தேய்த்துப் புதுக் காலாக்கிவிட வேண்டும். சாமியார் கையில் அழுக்கு படலாமா? இதில் இன்னொரு சமத்து: சாமியார் வலது காலை மட்டும்தான் கழுவுவார் என்பதால், வீட்டில் தேய்ப்பதும் வலது காலை மட்டும்தான். பெரிய வியாழன் வந்தால் எங்கள் பேட்டையில் பன்னிரண்டு ஆண்கள் ஒரு கால் ஒரு நிறமாகவும் மறு கால் வேறு நிறமாகவும் நடமாடுவார்கள். இதை யாரும் வேடிக்கையாக நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை.

நைனாவின் காலை வெளுப்பாக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அம்மா எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று தெரியும். புதன்கிழமை சாயங்காலம் குழாயடிக் கல்லில் நைனாவை உட்காரவைத்து, அவர் வலது காலை என் மடியில் வைத்துக்கொண்டு, புளியும் செங்கல் பொடியும் தேங்காய் நாருமாக ஆரம்பித்தேன். நிலக்கரி என்பது மேலே ஒட்டுகிற அழுக்கு இல்லை. குதிகால் வெடிப்புக்குள் இறங்கி, தோலோடு தோலாகிவிடும். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் கறுப்பாக ஓடியது. நைனா வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவர் அப்போதுதான் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். பெட்டிக்குள் வெகுநேரம் இருந்தாராம்; வரிசையில் பின்னால் நின்றவர்கள் இருமிக் காட்டினார்களாம்.  நான் சுண்டுவிரலுக்கு வந்தபோது, "பாப்பா" என்றார்.

"இன்னா நைனா?"

"அம்மா கிட்ட போய்... நைனா மன்னிப்பு கேக்குறாருன்னு சொல்றியா?"

இதற்குச் சர்க்கரையே தேவையில்லை! ஈரக் கையோடு உள்ளே ஓடினேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நைனா மன்னிப்பு கேக்குறாரும்மா!" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். இன்றைக்கே எல்லாம் சரியாகிவிடும், அதைச் சரியாக்கியவள் நான் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

முறம் நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"உதைச்சது அவுரு காலு. மன்னிப்பு கேக்க உன் வாயா? போய் சொல்லு."

நடந்து வருகிற வழியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே தூவினாலும் சர்க்கரை நிற்கவில்லை. முதல் தடவையாக ஒரு செய்தியை வாங்கினபடியே கொடுத்தேன். அம்மாவின் குரலிலேயே கொடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நைனா தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று சிவக்கச் சிவக்கத் தேய்ந்து ஈரமாக இருந்தது. மற்றது கல்லுக்குப் பக்கத்தில் கரியாகக் கிடந்தது. எழுந்து உள்ளே போயிருக்கலாம். குழாயடியிலிருந்து அடுப்பு எவ்வளவு தூரம்? அவருக்கு அது முடியவில்லை. சிலுவையைத் தெருத் தெருவாகத் தூக்கிக்கொண்டு போனவருக்கு அந்த நிலைவாசலைத் தாண்ட முடியவில்லை.

"உங்கம்மா சொல்றது சரிதான்" என்றார் கடைசியில்.

பேச்சை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "அந்தக் காலையும் தேய்க்கட்டா நைனா?" என்று கேட்டேன்.

"வேணாம். அது அப்டியே இருக்கட்டும்."

மறுநாள் அவர் லீவு போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை, காலை ஷிப்டுக்குக் கிளம்பினார். என் உழைப்பெல்லாம் வீணாகிவிடுமே என்று அழுதேன். பழைய பனியன் துணியை வலது காலில் சுற்றிக் கட்டி, மேலே சாக்குத் துண்டும் கட்டி அனுப்பினேன். அவர் அதற்குக் காலைக் காட்டிக்கொண்டு நின்றார். பாயம்மா பார்த்துவிட்டு, "இன்னாடி, உங்க நைனாவுக்கு அடி பட்டுதா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் கோயிலில் நிற்க இடமில்லை. சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்தியிருந்தது. எல்லா மணிகளையும் ஒருமுறை சேர்த்து அடித்துவிட்டு, இனி உயிர்ப்புத் திருநாள் வரை மணிச்சத்தம் கிடையாது என்று நிறுத்தினார்கள். பெண்கள் பக்கத்தில் நாங்கள் தரையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்தத் தபசு காலம் முழுக்க அதுதான் அவள் இடம். அங்கிருந்து பீடமும் தெரியாது, ஆண்கள் பக்கமும் தெரியாது. நான் அவளை விட்டுவிட்டு முன்னால் ஊர்ந்துபோனேன்.

பன்னிரண்டு நாற்காலிகள். பன்னிரண்டு வெள்ளை வேட்டிகள். சாமியார் மேலாடையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். முழங்கால் வலிக்காரர், ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு எழுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. முதல் ஆளின் காலில் பவுடர் பூசியிருந்தது. இன்னொருவர் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்ததால் கால் சாமியார் கையிலிருந்து வழுக்கியது. கழுவி, துடைத்து, குனிந்து காலில் உதடு வைத்து முத்தி செய்துவிட்டு, அடுத்தவரிடம் நகர்ந்தார். தாம்பாளத்தில் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. துண்டும் பளிச்சென்று இருந்தது. எப்படி அழுக்காகும்?

கடைசி நாற்காலி வந்தது. என் கால் வரப்போகிறது என்று முழங்காலில் எழுந்து நின்றேன். சாமியார் மண்டியிட்டு, வலது காலுக்காகக் கையை நீட்டினார்.

நைனா வலது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். இடது காலை எடுத்து முன்னால் வைத்தார்.

அன்று காலை ஷிப்டு முழுக்கக் கப்பலின் அடித்தட்டில் நின்ற கால். வேட்டி வெள்ளையில் அது இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. கோயிலில் சலசலவென்று சத்தம் எழுந்தது. சாமியாரிடம் பீச்சாங்காலையா நீட்டுவான் ஒருவன்? உபதேசியார் ஓரத்திலிருந்து கையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினார். ஆண்கள் பக்கத்தில் யாரோ, "பந்து அடிக்கிற காலு இல்ல? அதான் மொதல்ல வருது" என்றதும் சிரிப்பு வேறு. எனக்கு மானம் போயிற்று. இரண்டு கையும் எரிய எரிய நான் தேய்த்த கால் நாற்காலிக்கடியில் ஒளிந்துகொண்டிருந்தது. மறந்துவிட்டார், பாவி மனுஷர், எந்தக் கால் என்று மறந்துவிட்டார்!

சாமியார் நிமிர்ந்து நைனாவின் முகத்தைப் பார்த்தார். நைனாவின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. சாமியார் அந்தக் காலை இரண்டு கையாலும் எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். தண்ணீர் ஊற்றினார். அது கறுத்தது. மற்றவர்களுக்கு ஊற்றியதோடு சரி. நைனாவுக்கு மட்டும் இன்னும் தண்ணீர் கேட்டு வாங்கி, கையாலேயே தேய்த்தார். அப்படியும் போகவில்லை. துண்டால் துடைத்தபோது துண்டு முழுவதும் கரி. பிறகு குனிந்து, மற்றவர்களுக்குச் செய்தது போலவே அந்தக் காலையும் முத்தி செய்தார். எழுந்திருக்கும்போது அவர் உதட்டில் கரி ஒட்டியிருந்தது.

நைனா நாற்காலியின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கவிட்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. காலில் கை பட்டால் அவருக்குக் கூச்சம் தாங்காது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். இத்தனையும் செய்துவிட்டுச் சிரிப்பு வேறா என்று பற்றிக்கொண்டு வந்தது.

பூசை முடிந்தும் நைனா எழுந்து வரவில்லை. நானும் அம்மாவும் வீட்டுக்கு நடந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. என்னால் அடக்க முடியவில்லை. துறைமுகத்திலிருந்து வருகிற அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"பார்த்தியாம்மா, நைனா பண்ணத? எல்லாரும் சிரிக்கிறாங்க. மானமே பூடுச்சு!"

"நான் பாக்கல. இன்னா பண்ணாரு?"

"கால மாத்திக் காட்டிட்டாரும்மா. நான் தேய்ச்ச கால உள்ள இஸ்துகினு, கரிக் கால நீட்டிட்டாரு."

வண்டி போய் முடிந்தது. கேட்டைத் தூக்கினார்கள். சைக்கிள்களும் ரிக்‌ஷாக்களும் எங்களைத் தாண்டிப் போயின. அம்மா நகரவில்லை.

"எந்தக் காலுடி?"

"அதான் சொல்றேனே. பீச்சாங்காலு."

"சாமியாரு கழுவுனாரா?"

"கழுவுனாரு. துண்டே நாஸ்தி. முத்திகூடக் குடுத்தாரு."

"சரி" என்றாள் அம்மா. அவ்வளவுதான். ஆனால் வீடு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எரிகிற கை அது, அவள் பிடித்த பிடியில் இன்னும் எரிந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் கொண்டுபோன செய்திகளில் கடைசிச் செய்தி அதுதான் என்று எனக்குத் தெரியாது.

பெரிய வெள்ளி அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். நைனாவும் அம்மாவும் அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. யாரும் என்னிடம் எந்தச் செய்தியும் கொடுக்கவில்லை. சனிக்கிழமையும் அப்படியே போனது. நான் வேலையில்லாமல் நிலைவாசலில் உட்கார்ந்திருந்தேன்.

ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். அத்தனை நாள் கழித்து வீட்டில் அந்த வாசனை. நான் வழக்கம்போல் நிலையில் சாய்ந்து, அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'உங்க நைனாவ துன்னச் சொல்லு' என்று அவள் சொல்ல வேண்டும், நான் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நல்ல நாள் என்பதால் அதை எப்படி அலங்காரமாகச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

யாரோ என்னை மெதுவாக ஓரமாக ஒதுக்கினார்கள். நைனா. சவரம் செய்த முகம், பச்சைப் பிள்ளை மாதிரி இருந்தது. நிலைவாசலைத் தாண்டி உள்ளே வந்து, அடுப்புக்கு எதிரே, அன்றைக்குச் சோறு கொட்டிய அதே இடத்தில், தரையில் உட்கார்ந்தார். "நான்..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. மறுபடியும், "நான் தான்..." என்றார்.

அம்மா தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"உப்பு போதுமா பாரு."

நைனா ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றுகொண்டே இருந்தார். "போதும்" என்றார். குனிந்த தலை நிமிரவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி அடுப்பை ஊதினாள்.

நான் அங்கேதான் நிற்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில், கை எட்டுகிற தூரத்தில். என்னைக் கேட்காமல், என் வழியாக வராமல், ஒரு கேள்வியும் ஒரு பதிலும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்துவிட்டன. இத்தனை மாசம் நான் பட்ட பாடு என்ன ஆயிற்று? இனி நான் எதற்கு? விம்மிக்கொண்டு வெளியே ஓடி, குழாயடிக் கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பாயம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "நல்ல நாளும் அதுவுமா இன்னாடி?" என்றாள். "அவுங்க ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க" என்று அழுதேன். பாயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நைனா அதற்கப்புறம் பந்தைத் தொடவே இல்லை. வயசாகிவிட்டது என்று தெருவில் சொன்னார்கள். அம்மா நைனாவோடு எல்லாம் பேசினாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துப் பக்கமிருந்து ஆரவாரம் கேட்டால் மட்டும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவாள். நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன், ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. என் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது, என் வயிற்றில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அம்மா, தானாகவே சொன்னாள். "அன்னிக்கு மொதல்ல பட்டது எனுக்குத்தான். பானை அப்புறம்தான் உருண்டுது. உன் தம்பி அப்டித்தான் பூட்டான்."

குளிர்ந்த எண்ணெய்க் கை என் வயிற்றின் மேல் அப்படியே இருந்தது. முன்னறையில் நைனா இருமிக்கொண்டிருந்தார். ஊரே கும்பிட்ட பட்டினியும் உரிந்த தோளும் அம்மாவை ஏன் தொடவில்லை, அந்தக் கரிக் கால் மட்டும் ஏன் தொட்டது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று கோயிலில் அவர் தோள் குலுங்கியது கூச்சத்தால் இல்லை. ஈஸ்டர் அன்று சோற்றை அத்தனை நேரம் மென்றது பசியால் இல்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாளே, அதற்கும் புகை காரணமில்லை.

அந்த வீட்டில் அன்று மத்தியானம் அழுதவள் நான் ஒருத்திதான் என்றே அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.